முருங்கை பருத்தால் தூணாகுமா?

காகிதம் பற்றி இரண்டு இதழுக்கு முன்னால் எழுதிய பதிலைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. ஜீனை மாற்றி மரத்திலுள்ள லிக்னினைக் குறைக்கிறார்களாமே, அது என்ன, நல்லதா கெட்டதா? 31 வருடம் காகித ஆலை ஆய்வகத்தில் லிக்னினோடு மல்லுக்கட்டியவன் நான். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. இன்வெர்ட்டர் பேட்டரி, கரையான் மருந்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லிக்னின் என்றால் என்ன சார்? பாடப்புத்தகத்தில் 'செல்சுவருக்கு வலுவூட்டும் பொருள்' என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். வலுவூட்டுவதை ஏன் குறைக்க வேண்டும்?
*(தாவரவியல் மாணவி, குரோம்பேட்டை)*

சாம்பாரில் முற்றின முருங்கைக்காய் வந்தால் சதையை வழித்துவிட்டு நாரை இலையோரம் ஒதுக்குகிறோம் இல்லையா? அந்த நாரை மெல்ல முடியாதபடி செய்வது லிக்னின். பிஞ்சாக இருக்கும்போது செல்சுவரில் பெரும்பாலும் செல்லுலோஸ். காய் முற்ற முற்ற அந்தச் சுவருக்குள் லிக்னின் இறங்கிக் கெட்டிப்படுகிறது.

கஞ்சி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நூல்தான் செல்லுலோஸ், கஞ்சிதான் லிக்னின். வேட்டி விறைப்பாக நிற்பது கஞ்சியால். ஒரே வித்தியாசம், வேட்டிக் கஞ்சி தண்ணீரில் போட்டால் போய்விடும். மரத்தின் கஞ்சி லேசில் போகாது. காய்ந்த கட்டையில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான். மரம் இதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வேலை பார்க்கிறது. தண்ணீர் ஏறும் குழாய்கள் உள்ளே நசுங்காமல் காக்கிறது, தண்டை நிமிர்த்துகிறது, பூஞ்சையும் பூச்சியும் சுலபமாகத் தின்றுவிடாமல் தடுக்கிறது.

காகிதக்காரனுக்கு வேண்டியது நூல் மட்டும். அதனால் கஞ்சியைக் கரைத்தே ஆக வேண்டும். கட்டையைச் சில்லு சில்லாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில், டைஜெஸ்டர் என்கிற ராட்சத பிரஷர் குக்கருக்குள் போட்டு, 170 டிகிரி வரை சூடேற்றி மணிக்கணக்காக வேகவைப்போம். ஆலை இருக்கும் ஊர்ப் பக்கம் ரயிலில் போனால் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் ஜன்னல் வழியாக வருமே, அது இந்தச் சமையலின் வாசனைதான். 100 கிலோ காய்ந்த கட்டை உள்ளே போனால் 45 முதல் 50 கிலோ கூழ் வெளியே வரும். மீதி கரைந்து கருப்புத் திரவமாகிவிடும். நாங்கள் அதைப் 'பிளாக் லிக்கர்' என்போம்.

வெந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. கூழில் கொஞ்சம் எடுத்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் போட்டால், மிச்சமிருக்கும் லிக்னின் எவ்வளவோ அவ்வளவு பெர்மாங்கனேட்டைத் தின்னும். தின்னாமல் மீந்ததை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். அதற்குக் காப்பா எண் என்று பெயர். காப்பா 20 என்றால் கூழில் சுமார் 3 சதவீதம் லிக்னின் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெர்மாங்கனேட் பட்டுப் பட்டு என் வலது கை விரல் நுனி எப்போதும் பழுப்பாகவே இருக்கும். பெண் பார்க்கப் போனபோது பீடி பிடிப்பேனா என்று மாமனார் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஒரு மழைக்காலத்தில் ராத்திரி ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தோடு டைட்ரேஷன் அளவைத் தப்பாகப் படித்து 18 என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது 27. வந்த லோடில் முற்றின சவுக்கு அதிகமாகக் கலந்திருந்ததால் சரியாக வேகவில்லை. அந்தக் கூழில் ஓடின காகிதம் பள்ளி நோட்டுப் புத்தகமாகி, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஓரமெல்லாம் மஞ்சளித்துவிட்டது. வாங்கினவர் ஒரு கட்டு நோட்டை மேலாளர் மேஜையில் கொண்டுவந்து போட்டார். தவறு முழுக்க என்னுடையது. காப்பாவில் ஒன்பது எண் கூடினால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் படித்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டையிலேயே லிக்னின் குறைவாக இருந்தால், அல்லது இருக்கிற லிக்னின் சீக்கிரம் கரையும் ரகமாக இருந்தால், ரசாயனம் மிச்சம், நீராவி மிச்சம், வெளுக்கும் மருந்தும் மிச்சம். இவ்வளவுதான் ஆசை.

இதுவரை யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா, இல்லை 'விஞ்ஞானிகள் சாதனை' என்று வருகிற துண்டுச் செய்தி ரகம்தானா?
*(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்)*

செய்து காட்டி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது சார். முதலில் பெரிதாகப் பேசப்பட்டது 1999 இல். அமெரிக்காவின் மிச்சிகனில் வின்சென்ட் சியாங் குழுவினர் ஆஸ்பென் மரத்தில் லிக்னின் தயாரிப்புப் பாதையில் இருக்கும் ஒரு ஜீனை அடக்கி வைத்தார்கள். லிக்னின் 45 சதவீதம் குறைந்தது, செல்லுலோஸ் 15 சதவீதம் கூடியது, செடிகள் வேகமாகவும் வளர்ந்தன. எங்கள் ஆலைக் கேன்டீனில் ஒரு வாரம் இதே பேச்சு. இனிமேல் டைஜெஸ்டரே வேண்டாம் என்றார் ஒருவர். எல்லாம் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த இளங்கன்றுகள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த கட்டம் வெட்டவெளி. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பாப்லர் மரங்களை நான்கு வருடம் வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2002 இல் முடிவு வந்தது. இங்கே லிக்னினின் அளவைவிட அதன் அமைப்பைத்தான் தொட்டார்கள். மரங்கள் சாதாரணமாகவே வளர்ந்தன, கூழாக்க ரசாயனமும் குறைவாகவே போதுமானதாக இருந்தது. இதற்கு நடுவில் 1999 இல் இங்கிலாந்துத் தோட்டத்துக்குள் எதிர்ப்பாளர்கள் புகுந்து மரங்களை நாசம் செய்தது தனிக் கதை.

எனக்கு மிகவும் பிடித்தது 2014 இல் வந்த ஒன்று. லிக்னினைக் குறைக்கவே வேண்டாம், அதில் ஜிப் வைத்துவிடலாம் என்று யோசித்தார்கள். நிஜமாகவே 'ஜிப் லிக்னின்' என்றுதான் பெயர். ஜான் ரால்ஃப், ஷான் மான்ஸ்ஃபீல்ட், கர்டிஸ் வில்கர்சன் ஆகியோரும் அவர்களது கூட்டாளிகளும் சேர்ந்து, சீன வைத்தியத்தில் பயன்படும் ஏஞ்செலிக்கா என்ற மூலிகையிலிருந்து ஒரு ஜீனை எடுத்துப் பாப்லரில் வைத்தார்கள். அது லிக்னின் சங்கிலியில் அங்கங்கே ஒரு பலவீனமான இணைப்பைக் கோக்கிறது. மரத்துக்குள் இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். காரக் கரைசலில் போட்டதும் அந்த இடங்களில் பிரிந்துவிடும். அழகு என்னவென்றால், இப்படிப்பட்ட இணைப்பு சில தாவரங்களில் இயற்கையாகவே இருக்கிறது என்று பிற்பாடு தெரியவந்தது. எவனோ முன்னாலேயே ஜிப் தைத்து வைத்திருக்கிறான்!

கடைசியாக 2023. வட கரோலினாவில் ஜாக் வாங், ரோடால்ஃப் பாரங்கூ குழுவினர் கிரிஸ்பர் என்கிற ஜீன் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்கள். லிக்னினோடு தொடர்புள்ள 21 ஜீன்களை எப்படியெப்படிச் சேர்த்து வெட்டலாம் என்று கம்ப்யூட்டரில் சுமார் 70,000 வழிகளைப் போட்டுப் பார்த்து, ஏழு வழிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, 174 பாப்லர் வகைகளை உண்டாக்கினார்கள். ஆறு மாதக் கன்றுகளில் சிலவற்றில் லிக்னின் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. இதுவும் கண்ணாடிக் குடில்தான். அதை மறந்துவிடாமல் அடுத்த பதிலைப் படியுங்கள்.

லிக்னின் வேண்டாத சரக்கு என்றால் கொஞ்சமாகக் குறைப்பானேன்? மொத்தமாக ஒழித்துவிடலாமே?
*(லேத் பட்டறை வைத்திருப்பவர், அம்பத்தூர்)*

'முருங்கை பருத்தால் தூணாகுமா' என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. அசோக் நகரில் என் வீட்டு மதிலோரம் நின்ற முருங்கை, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது ஆள் உயரத்தில் மளுக்கென்று முறிந்தது. அதே காற்றில் பக்கத்து வீட்டுப் பூவரசு இலையை மட்டும் உதிர்த்துவிட்டு நின்றது. முருங்கைக் கட்டை மெத்தென்று இருப்பதற்கு லிக்னினை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அதன் அடர்த்தியே குறைவு. எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்ததற்கோ லிக்னினுக்கும் சம்பந்தமில்லை, சுற்றிலும் சிமென்ட் போட்ட நடைபாதைதான் காரணம். ஆனாலும் மரம் என்பது வருடக்கணக்கில் காற்றில் நிற்க வேண்டிய பொருள் என்பது அன்றைக்கு சென்னையில் எல்லோருக்கும் புரிந்தது.

வெளிநாட்டு வயல்களும் அதையே சொல்லியிருக்கின்றன. 1999 இல் தொட்ட அதே ஜீனை ஓரிகன் மாநிலத்தில் வேறொரு பாப்லரில் அடக்கி, கன்றுகளை வெட்டவெளியில் நட்டார்கள். 2010 இல் முடிவு வந்தது. லிக்னின் ரொம்பவும் குறைந்த மரங்கள் குட்டையாகிவிட்டன, கட்டை பழுப்பாகிவிட்டது, தண்ணீர் ஏறுவதே தடைப்பட்டது. குழாய்ச் சுவர் வலுவில்லாமல் உள்ளே ஒடுங்கினால் பிறகு எப்படித் தண்ணீர் ஏறும்? ஸ்ட்ரா போட்டு இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பையாகிவிடுமே, அதேதான்.

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009 இல் அனுமதிக்காகப் போராடி வேறொரு ஜீனை அடக்கிய பாப்லர்களை நட்டார்கள். அந்தக் கட்டையிலிருந்து எத்தனால் எடுத்தபோது சிலவற்றில் 161 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைத்தது. கூடவே மரத்தின் வளர்ச்சி குறைந்தது. ஒரு கிலோ கட்டைக்கு லாபம், ஒரு ஏக்கருக்கு நஷ்டம் என்றால் உங்கள் பட்டறைக் கணக்கில் அதை என்னவென்று எழுதுவீர்கள்?

இன்னொன்றையும் வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. லிக்னின் கழிவில்லை. அந்தப் பிளாக் லிக்கரைச் சுண்டவைத்து ரெகவரி பாய்லரில் எரித்துத்தான் ஆலை தனக்கு வேண்டிய நீராவியிலும் மின்சாரத்திலும் பெரும்பங்கை எடுக்கிறது. சமையலுக்குப் போட்ட சோடாவும் அந்தச் சாம்பலிலிருந்துதான் திரும்பக் கிடைக்கிறது. லிக்னினைப் பாதியாக்கினால் பாய்லருக்குப் போகிற எரிபொருளும் குறையும். அதை வேறெங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும்.

அதனால்தான் அளவைக் குறைப்பவர்களைவிட, ஜிப் வைக்கிறவர்கள் பக்கம் நான். மரத்துக்கு விறைப்பு இருக்கட்டும், எனக்குச் சீக்கிரம் வேகட்டும்.

பழைய புத்தகம் மஞ்சளாவதும் இதனால்தானா? அதில் ஒரு இனிப்பு வாசனை வருகிறதே, அது என்ன?
*(பழைய புத்தகப் பிரியர், திருவல்லிக்கேணி)*

மஞ்சள் ஆவதற்கு லிக்னின் முக்கியக் காரணம். செய்தித்தாள் காகிதத்தைப் பெரும்பாலும் கட்டையை அரைத்தே செய்வார்கள், வேகவைப்பதில்லை. அதனால் லிக்னின் அப்படியே தங்கிவிடும். மொட்டை மாடியில் வடாமுக்கு அடியில் விரித்த பேப்பர் நாலு நாள் வெயிலில் எப்படி ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். வாசனையிலும் லிக்னினுக்குப் பங்குண்டு. அது சிதையும்போது வரும் பொருள்களில் வனிலின் ஒன்று, ஐஸ்கிரீமில் இருக்கும் அதே வனிலாதான். நார்வேயில் ஸ்ப்ரூஸ் மரத்தின் லிக்னினிலிருந்தே வனிலின் தயாரித்து விற்கிறார்கள். கன்னிமாரா நூலகத்தில் பழைய சஞ்சிகைத் தொகுப்பைத் திறந்தால் எனக்கு இன்னமும் ஒரு நிமிடம் வேலை ஞாபகம் வந்துவிடும்.

செய்யூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் சவுக்கு இருக்கிறது. காகித ஆலைக்குத்தான் கொடுக்கிறோம். இந்த லிக்னின் குறைந்த கன்று நமக்கு எப்போது கிடைக்கும்?
*(வாசகர், வேளச்சேரி)*

இப்போதைக்கு எதிர்பார்க்காதீர்கள். நம் நாட்டில் விவசாயி வயலில் பரவலாக நிற்கும் ஜீன் மாற்றுப் பயிர் 2002 இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான். மரம் என்று பார்த்தால் ரப்பர். கோட்டயத்திலுள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஜீன் மாற்று ரப்பர் கன்றை 2021 ஜூனில் குவாஹாத்திக்குப் பக்கத்தில் சோதனைக்காக நட்டார்கள். அதுவும் குளிரையும் வறட்சியையும் தாங்குவதற்கு, லிக்னினுக்காக இல்லை. லிக்னின் பக்கம் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சவுண்டல் என்கிற சூபாபுல் மரத்தின் ஜீன்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கி நடும் கன்றாக அது வரவில்லை.

பிரேசிலில் 2015 இல் ஜீன் மாற்று யூகலிப்டஸுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது அதிக விளைச்சலுக்கு. சீனாவில் 2002 முதல் பூச்சி தாங்கும் பாப்லர். லிக்னினுக்காக மாற்றி வியாபாரத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரிந்தது ஒரு தீவனப் பயிர்தான். அமெரிக்காவில் 2014 இல் அனுமதித்த குதிரை மசால். லிக்னின் குறைந்தால் மாட்டுக்குச் செரிமானம் நன்றாக இருக்கிறது.

மரத்தில் ஏன் இத்தனை தயக்கம் என்பீர்கள். நெல்லை அறுப்பது நாலு மாதத்தில், மரம் பூத்து நிற்பது வருடக்கணக்கில். சவுக்கின் மகரந்தம் காற்றில் போகும். உங்கள் வேலி அதைத் தடுக்காது. அப்புறம் வியாபாரச் சிக்கல். காட்டைக் கெடுக்காமல் வளர்த்த கட்டை என்று சான்று தரும் சர்வதேச அமைப்பு எஃப்.எஸ்.சி. அதன் முத்திரை வாங்கிய தோட்டத்தில் ஜீன் மாற்று மரத்தை வியாபாரத்துக்கு வளர்க்கக் கூடாது என்பது அந்த அமைப்பின் விதி. முத்திரை வேண்டும் ஆலை உங்கள் கட்டையைத் தொடாது.

வெளி ஜீன் எதையும் விட்டுவைக்காத ஜீன் திருத்தத்துக்கு 2022 இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது உண்மை. ஆனால் கிரிஸ்பர் கத்தரிக்கோலும் ஒரு ஜீனாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகிறது. நெல்லில் அடுத்த தலைமுறை விதையிலேயே அதைப் பிரித்து வெளியேற்றிவிடலாம். மரம் பூத்துக் காய்த்து அடுத்த தலைமுறை வர எத்தனை வருடம்? அதற்குள் நீங்கள் தேர்ந்தெடுத்த நல்ல தாய்மரத்தின் குணமும் கலைந்துவிடும்.

உங்களுக்கு உடனே உதவக்கூடியது கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் சவுக்குக் குளோன்கள். ஜீனில் கை வைக்காமல், நல்ல மரமாகத் தேடிப் பிடித்துப் பெருக்கியவை. இயற்கையே லிக்னினில் விளையாடுவதும் உண்டு. ஜப்பானில் செக்கிசைசோ என்று ஒரு முசுக்கொட்டை இருக்கிறது, 'சிவப்புக் கட்டை' என்று அர்த்தம். ஒரு லிக்னின் ஜீன் தானாகவே கெட்டுப்போனதால் கட்டை சிவந்திருக்கிறது, கூழாக்கவும் சுலபம். அப்படியொரு சவுக்கு செய்யூரில் யார் கொல்லையிலாவது நின்றுகொண்டிருக்கலாம். வெட்டும்போது செக்கச்செவேல் என்று இருந்தால் விறகுத் தொட்டிக்கு அனுப்பிவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மரத்தை மாற்றுவதற்குப் பதிலாகக் காகிதத்தைக் குறைத்தால் என்ன?
*(வாசகி, பெரம்பூர்)*

குறைக்கலாம். கேள்வியை அஞ்சலட்டையில் அனுப்பியதற்கு நன்றி. மற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள்.

லிக்னினைக் கண்ணால் பார்க்க முடியுமா சார்? எங்கள் கல்லூரியில் மைக்ராஸ்கோப் இருக்கிறது.
*(அதே மாணவி, குரோம்பேட்டை. ஒரே உறையில் இரண்டு கேள்வி வைத்திருந்தார்.)*

தாராளமாக. ஆய்வக உதவியாளரிடம் ஃபுளோரோகுளுசினால் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆல்கஹாலில் கரைத்து, கூடவே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் லிக்னின் இருக்கும் இடம் மட்டும் சிவக்கும். முதலில் செய்தித்தாளில் ஒரு சொட்டு விடுங்கள், ரோஜா நிறம் வரும். நல்ல வெள்ளைக் காகிதத்தில் விட்டால் ஒன்றும் வராது. வந்தால் அந்த ஆலையில் என்னைப் போல யாரோ ராத்திரி ஷிஃப்டில் தூங்கியிருக்கிறார்கள்.

பிறகு பிஞ்சு முருங்கைக்காய் ஒன்று, முற்றினது ஒன்று, இரண்டையும் பிளேடால் மெல்லிசாகக் குறுக்கே சீவிப் பாருங்கள். வித்தியாசத்தை நானே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும். வேப்பங்குச்சியையும் சோளத்தட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேப்பங்குச்சியில் உள்ளே கட்டை முழுக்கச் சிவப்பு. சோளத்தட்டையில் சிவப்பு விளிம்போரம் நெருக்கமாகவும் நடுவில் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். வயிரம் உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்று நம் பழைய இலக்கணக்காரர்கள் பிரித்தார்கள்; தென்னையையும் பனையையும் அவர்கள் புல்லில் சேர்த்தது ஏன் என்று அந்த விளிம்பைப் பார்த்தால் புரியும்.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், புகைக்கூண்டுக்குள் வைத்துச் செய்யுங்கள். அமிலம் துணியில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, துவைக்கும்போதுதான் ஓட்டை விழும். அப்படி ஓட்டை விழுந்த காக்கி பேன்ட் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் அதைத் தரை துடைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.